சாப்பாட்டுக்கு அப்புறம் பால் காப்பி

எண்பதுகளின் தொடக்கத்தில், செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையை ஓர் இத்தாலிக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆசிரமத்துக்கு வந்தவர். கடைக்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டார். என்னை அக்கா என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிட்டுவிட்டு, "காப்பி நான் போடறேன்கா" என்று தன் பாத்திரத்தை எடுத்து வந்தார். இடுப்பு ஒடுங்கிய சின்ன அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் டிகாக்‌ஷன் கொரகொரவென்று மேலே ஏறி வந்தது. வாசனையிலேயே எனக்கு நாக்கு ஊறியது. கையில் கிடைத்ததோ, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைவிடச் சற்றுப் பெரிய கோப்பையில் இரண்டு மடக்குக் கறுப்புக் காப்பி. என் கணவர் அதைக் கஷாயம்போல விழுங்கிவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றார்.

நான் எழுந்துபோய், சுடவைத்த எருமைப்பாலை டம்ளரில் ஊற்றி, என் பங்கை அதில் கலந்து, சர்க்கரை போட்டு ஆற்றினேன்.

"ஐயோ அக்கா! பால் காலையில மட்டும்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் கூடாது. வயிறு கெட்டுடும்."

"எங்க வயித்துக்குப் பழகிடுச்சுங்க."

"எங்க ஊர்ல யாருமே இப்படிக் குடிக்க மாட்டாங்க."

"இது எங்க ஊராச்சே!"

அவர் சிரித்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், அப்படியொரு காப்பியை நான் அதுவரை குடித்ததில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் எனக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே போடுவார். நான் பால் ஊற்றும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்றாவது வாரம் என் கணவரும், "எனக்கும் கொஞ்சம் பால் ஊத்தேன்" என்று கோப்பையை நீட்டினார்.

தீபத் திருவிழா முடிந்து இத்தாலிக்காரருடைய அம்மா ஊரிலிருந்து வந்தார். எழுபது வயதிருக்கும், தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அந்த ஞாயிறு அவர் எதிரில் தயங்கித்தான் ஆற்றினேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் காட்டி, பிறகு 'எனக்கு' என்பதுபோலத் தன் நெஞ்சைத் தொட்டார். மகன் பதறி ஏதோ சொன்னார். அந்த அம்மா கண்டுகொள்ளவே இல்லை. வாங்கி உறிஞ்சிக் குடித்துவிட்டு, மகனிடம் நாலு வார்த்தை பேசினார். மகன் முகம் சிவந்துபோயிற்று.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அப்பா வேலைக்குப் போனதும், தினம் மத்தியானம் பால் ஊத்திதான் குடிப்பாங்களாம். இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்லக்கா!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் மகனும் சேர்ந்துகொண்டார். அந்த அம்மா காலி டம்ளரை என்னிடம் நீட்டி, இந்தமுறை சர்க்கரை ஜாஸ்தி வேண்டுமென்று விரலால் காட்டினார்.