தேசம்மாவின் மூக்கும் அக்காவின் சுவரும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. தேசம்மா அப்போது அக்காவின் அறைச் சுவரில் மூக்கை ஒட்டி முகர்ந்துகொண்டிருந்தார். நான் போனைக் கீழே வைத்துவிட்டு, “வெள்ளிக்கிழமை அக்காவ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். ஆனா ரூம்ல பூஞ்சை இருந்தா அனுப்ப மாட்டேன்னு டாக்டர் சொல்றார்” என்றேன். தேசம்மா திரும்பவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

“வெள்ளியா? இந்த மயயிலயா?” என்று, வெளியே கொட்டும் மழையைச் சொல்லி, பீரோவின் பின்னாலிருந்து குரல் வந்தது. “பூஞ்சக்கி போன் போட்டு சொல்லிட்டியா நைனா?”

தேசம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பட்டினப்பாக்கத்தில் காலை ஒன்பது மணி வரை கருவாடு விற்கிறார். அதன் பிறகு மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் “செவுரு பாக்க”, அதாவது சுவரில் பூஞ்சை எடுக்க, கிளம்பிவிடுகிறார். இரண்டு தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கோபம் வரும். பல வருஷங்களுக்கு முன் சாந்தோமில் ஒரு வாடிக்கைக்காரி, இவரிடம் வாங்கிய நெத்திலியில் பூசண நாற்றம் அடிக்கிறது என்று கூடையில் திருப்பிக் கொட்டியிருக்கிறாள். தேசம்மா நேரே அவள் வீட்டுக்குப் போய் அடுக்களையை முகர்ந்து பார்த்து, நாற்றம் மீனில் இல்லை, சிங்க்குக்குக் கீழே அலமாரியின் முதுகில்தான் என்று கண்டுபிடித்தார். தன் கருவாட்டின் மானத்தைக் காப்பாற்ற அந்த அலமாரியைத் தானே கழுவியும் கொடுத்தார். “எம் மேல சொன்னா பொறுத்துக்குவேன். எங் கருவாடு மேல பயி போட்டா உட்ருவனா?”

சுவரைத் தொடுவது புறங்கையால்தான். உள்ளங்கை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. “உள்ளங்கை கண்டதையும் புடிச்சி மரத்துப் பூட்ச்சி. பொறங்கைக்குத்தான் ஈரம் தெரியும்.” கருவாடு முழுக்கக் காய்ந்ததா என்று பார்ப்பதும் இதே புறங்கைதான். வேலை செய்த வீடுகளுக்குக் கூப்பிடாமலேயே திரும்பவும் போவார். மணியடித்து உள்ளே வந்து, நாலு சுவரிலும் புறங்கையை வைத்துப் பார்த்து, வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அடையாற்றில் ஒரு வங்கி அதிகாரி இவர் வருகிறார் என்று தெரிந்தால் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவைப்பாராம்.

ப்ளீச்சிங் பவுடரை ஒரு பையிலும் வினிகரை இன்னொரு பையிலும் வைத்து, ஒன்றை இடது தோளிலும் மற்றதை வலது தோளிலும் மாட்டிக்கொண்டு வருகிறார். ஒரே பையில் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். “ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா பூஞ்சயும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட.” உதவி செய்யலாமே என்று ஒரு பழைய துணியோடு சுவரை நெருங்கியதும் கத்திவிட்டார். “காஞ்ச துணியில தொடைக்காத நைனா. அது பறந்து போயி அடுத்த செவுத்துல குந்திக்கும். நீ தொடைக்கல, வெத தூவற.” முதலில் நனைக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். முகத்தில் துணி கட்டாமல் எதுவும் கிடையாது. பீரோவுக்குள் அக்கா வைத்திருந்த கற்பூரக் கட்டிகளைப் பார்த்துவிட்டு, “இது வெச்சா பூஞ்ச சாமி கும்புடும். போவாது” என்றார்.

அவர் கேட்கும் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் பதில் சொல்லப் பழக வேண்டும். குளித்துவிட்டுக் கதவை மூடுவாயா, திறந்து வைப்பாயா? ஈரத் துண்டை எங்கே போடுவாய்? ஐம்பத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

அக்கா முத்துலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை இந்த வீட்டின் சட்டங்கள் எல்லாம் அவளுடையவை. முப்பது வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் நின்றவள். துணியைப் பால்கனியில் போட்டால் காக்கை அசிங்கம் செய்யும்; எனவே அவள் அறைக்குள் கொடி. ஜன்னலைத் திறந்தால் கொசு, எனவே பூட்டு. சுவரில் கறுப்புப் பொட்டுகள் வந்தபோது குற்றவாளியையும் அவளே கண்டுபிடித்தாள்: மேல்வீட்டு ராகேஷின் குளியலறையிலிருந்து ஒழுகும் தண்ணீர். இரண்டு வருஷமாக அந்தப் பையனோடு பேச்சு இல்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இளைக்க ஆரம்பித்து, பதினோரு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் தீர்ப்பு மாறவில்லை.

தேசம்மா தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கறுப்பையெல்லாம் நனைத்துத் தேய்த்துக் கழுவினார். மறு மூலையில், பழுதில்லாத சுவரில், இட்லி மாவுக் கவர் ஒன்றைப் பிரித்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். “தெனம் எப்பிடி இருப்பியோ அப்பிடியே இரு. எத்தயும் மாத்தாத” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தினம்போல என் ஈர லுங்கிகளை அக்காவின் கொடியில் விரித்தேன்.

புதன்கிழமை காலை அக்காவை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“யக்கா, கவுருக்கு உள்ள, செவுத்து பக்கம் காஞ்சி கீது. வெளில, ரூம் பக்கம் தண்ணி கோத்துக்கினு கீது. மேல்வூட்லேர்ந்து ஒழுவல. உன் கொடிதான் ஒழுவுது.”

“ஏட்டி, அது நீ விட்ட மூச்சா இருக்கும்.”

“நா அவ்ளோ மூச்சு உட்டா கடல்ல போற போட்டுக்கு மிஷினே வோணாம்.”

“மொதல்ல கருவாட்டுக் கையோட எவட்ட கேட்டு என் ரூமுக்குள்ள போன? நாங்க சைவம், தெரியும்லா?”

“உன் பூஞ்ச இன்னா சைவமா யக்கா?”

ஆஸ்பத்திரியில் யாரோ சிரித்தார்கள். நர்ஸாக இருக்க வேண்டும். தேசம்மா பேசிக்கொண்டே ஸ்டூலில் ஏறிக் கொடியின் முடிச்சில் கை வைத்தார்.

“இப்ப கொடிய அவுக்கப் போறேன்.”

“அவுத்துப் பாரு. வெள்ளிக்கிழமை வந்ததும் மொதக் கேள்வி உன்னத்தான் கேப்பேன்.”

“வா, வந்து கேளு. கேக்கறதுக்கு வாய் வோணும், வாய்க்கு மூச்சு வோணும். அத்துக்குத்தான் அவுக்கறேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல்தான் கேட்டது. பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். “ஏல, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சிரு. நல்ல வலையா வாங்கு.” அதோடு, “அந்த ராகேஷ்ட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் வந்து சொல்லிக்கிடுதேன்” என்றாள். அக்கா ஒரு சண்டையில் தோற்று நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

கொடி போனதும் தேசம்மா வேகமெடுத்தார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். “நடுவுல காத்து நடக்கணும். உன்ன மாரி ஒண்டிக்கினு நிக்கக் கூடாது.” பழைய பெயிண்டைச் சுரண்டினார். பெயிண்ட் வாசனை அக்காவுக்கு ஆகாது என்று சுண்ணாம்பு கரைத்தார். சுண்ணாம்பில் பூஞ்சைக்கும் வேலையில்லையாம். வெளியே மழை விடவில்லை. காய வேண்டுமே என்று என் அறையின் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து சுவரைப் பார்த்து வைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் புறங்கையை வைத்துப் பார்த்தவர், “நாளக்கி யக்கா தாராளமா வந்து கத்தலாம்” என்றார். கொசுவலைக்காரன் ஜன்னலை அளந்துகொண்டு போயிருந்தான். இரண்டாவது கோட்டிங்கை மேலிருந்து அடித்துக்கொண்டே வந்தார் தேசம்மா.

மூன்று மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மத்தியானம் மறுபடி மூச்சுத் திணறியதாம். என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அக்கா போய்விட்டாள் என்றார்கள். எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார்கள். வருகிறேன் என்று சொன்ன ஞாபகம். கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தேசம்மா குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் போட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்கு இரண்டாவது கோட்டிங் இன்னும் அடிக்கவில்லை.