இடக்காலில் ஏழாம் எண்

கிராணியார் சூசைமாணிக்கம் காலமானார் என்ற செய்தியை வியாழக்கிழமை காலை காதர் ராவுத்தரே எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து சொன்னார். கெலுகோரிலுள்ள தம் தென்னந்தோப்பிலிருந்து ரிக்‌ஷாவில் வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பினாங்குத் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த சூசை, ஞாயிறு பூசை முடிந்ததும் தொலைநோக்கியோடு ராவுத்தரின் அந்தத் தோப்புக்குப் போய்விடுவார். மரங்கொத்திகளின் கூடுகளைக் கவனித்து, பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் நானும் உடன் போனேன். ஏணியில் நின்று பொந்தின் வாயில் வலை பிடித்தார். சிவப்புக் கொண்டையோடு ஒரு பறவை வெளியே பாய்ந்தது. தாயா என்றேன்.

"அப்பன், அண்ணே. ராத்திரி முட்டை மேல படுக்கிறது இவன்தான்."

விரலில் கொத்து வாங்கி ரத்தம் வழிய, அதன் இடக்காலில் ஏழாம் எண்ணை மாட்டினார்.

"குருவிக்குக் கொலுசு போட்டு யாருக்குக் கட்டி வைக்கப் போறீரு, கிராணியாரே?" என்றார் கீழே நின்ற ராவுத்தர்.

கேலி செய்தாலும் ராவுத்தருக்கு அது விளையாட்டல்ல. மரங்கொத்திகள் தென்னையைக் கெடுக்கின்றன என்று சுட்டுத் தள்ள இருந்தவர் அவர். அவை பட்ட மரத்தில்தான் கூடு குடையும் என்று வாதாடி, சூசை ஒரு வருடம் தவணை வாங்கியிருந்தார். காய்க்கிற மரத்தில் ஏழாம் எண் பொந்து போட்டால் துப்பாக்கியை எடுப்பேன் என்பது ராவுத்தரின் நிபந்தனை.

சென்ற வருடம் ஏழு மறுபடி வந்தது. வந்து, குலை தள்ளிய மரத்திலேயே உட்கார்ந்து தட்டத் தொடங்கியது. ராவுத்தர் குறி வைத்தார்.

"பொறுங்க ராவுத்தரே," என்றார் சூசை.

நான் தொலைநோக்கியில் பார்த்தேன். மட்டையிடுக்கிலிருந்து கொழுத்த வண்டுப் புழு ஒன்றை இழுத்து விழுங்கியது. பிறகு பறந்து பக்கத்துப் பட்ட மரத்தில் ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் மரச் சிராய்கள் எங்கள் தலையில் உதிர்ந்தன. சூசை தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். அது தென்னை மட்டையில் சிக்கிக்கொண்டது. ஐம்பது வயதுக்காரர் குதித்துக் குதித்துச் சிரித்தார்.

ராவுத்தர் துப்பாக்கியை இறக்கினார். "என் மரத்தைத் தின்ற புழுவையில்ல தின்னுது," என்றார் மெல்ல.

நேற்று அடக்கத்தில் ராவுத்தர் என் பக்கத்தில் நின்றார். அந்தப் பட்ட மரம் சாயத் தொடங்கியிருந்ததாம். பொந்தில் குஞ்சுகள் இருப்பதால், காலையில் ஆள் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"கிராணியார் போயிட்டாருன்னு அதுங்களுக்குத் தெரியாது லா."

போய் வாருங்கள், சூசை. மரம் நிற்கிறது.