மேசைமேல் தூங்கிய ஜினெட்

ஜினெட்டைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் படுத்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கோடையில் வண்டிகளோடு வந்து தங்கும் எங்கள் ஏரிக்கரை முகாமில், கட்டிய புருஷனைக் கட்டிலில் விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசைமேல் படுத்த பெண் அவள் ஒருத்திதான். இரண்டு கோடைகள் அப்படியே போயின.

அவர்களுடையது கூடாரவண்டி. காருக்குப் பின்னால் இழுத்து வரும்போது தட்டையான பெட்டியாக இருக்கும். நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும். முன்னால் ஒரு கட்டிலும் பின்னால் ஒரு கட்டிலும் இழுப்பறை மாதிரி வெளியே வந்து அந்தரத்தில் நிற்கும். சுற்றிலும் துணிச்சுவர். நடுவே உள்ள மேசையைத் தாழ்த்தினால் அதுவும் ஒரு படுக்கை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகும். பின்னால் உள்ள கட்டில்தான் அகலமானது. அதில் நார்மான் தனியாக உருண்டுகொண்டிருந்தான்.

ஜினெட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவள் பன்றிக்கொழுப்பும் மேப்பிள் பாகும் போட்டு பீன்ஸ் வேகவைத்தால், எங்கள் வரிசையில் எல்லா வண்டிக்கும் கிண்ணம் போகும். ஒன்பது பிள்ளைகள் பிறந்த வீட்டில் அக்கா தங்கைகளோடு ஒரே கட்டிலில் வளர்ந்து, அங்கிருந்து நேராக நார்மானின் கட்டிலுக்கு வந்தவள். தனியாகப் படுத்துப் பழக்கமே இல்லாதவள்.

நார்மான் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். ஜூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரர்களுக்கு விடுமுறை விட்டதும் எல்லாரையும்போல அவனும் முகாமுக்கு வந்துவிடுவான். இரண்டாவது கோடையில் ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“இந்த லீவு முடிஞ்சதும் வண்டிய வித்துடப்போறேன், ஒதெட்.”

“ஏன்? நல்லாத்தானே இருக்கு?”

“என்னத்த நல்லாருக்கு? அவளோட ஒரே போர்வைக்குள்ள படுத்து மழைச்சத்தம் கேக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினேன். அவ என்னடான்னா மேசைய விட்டு எறங்க மாட்டேங்கறா. எல்லாம் என் குறட்டையாலதான். மூக்குல பட்டை ஒட்டிப் பாத்தேன். ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல.”

“அவகிட்டயே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, முதுகுவலிக்குப் பலகைதான் நல்லதுங்கறா. காலையில அந்தப் பலகைய விட்டு எழுந்திரிக்க அவ படற பாட்டை நீ பாக்கணும். என்கூடப் படுக்கப் பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போகட்டுமே!”

சொல்லிவிட்டு மறுபடி விறகைப் பிளந்தான். கட்டைமேல் காட்டிய கோபத்தைப் பார்த்தால் அடுத்த குளிர்காலத்துக்கும் விறகு சேர்ந்துவிடும் போலிருந்தது.

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் மனுஷி மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். என் மூக்கு அதையெல்லாம் கேட்டதில்லை. மறுநாள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது ஜினெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி, அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினான்?”

முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. வண்டிய முதமுதல்ல விரிச்ச அன்னிக்கு ஆசையா அந்தப் பின்பக்கக் கட்டில்ல போய் உக்காந்தேன்டி. உக்காந்ததுதான் தெரியும். பின்பக்கம் சாஞ்சு முன்பக்கம் அப்படியே மேல தூக்கிருச்சு. சட்டி பானையெல்லாம் என் மேல உருண்டு வருது. நார்மான் ஓடிவந்து முன்னால தொங்கித்தான் வண்டிய எறக்கினான்.”

“அவன் என்ன சொன்னான்?”

“தரை சரியில்லன்னான். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான், எனக்குத் தெரியாதா? மாவு மூட்டை தூக்கிப் பொழச்சவ நான். எடை எனக்குத் தெரியும். என் உடம்பை அந்தரத்துல நிக்கற எந்தக் கட்டிலும் தாங்காது. தூங்கறப்ப அவனையும் சேத்துக் கவுத்தேன்னா முகாமே கைகொட்டிச் சிரிக்கும்.”

“இதை அவன்கிட்ட சொல்லேன்டி.”

“எதை? உன் பெண்டாட்டி கட்டில் கொள்ளாத உருப்படின்னா?”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வண்டியை விரிக்கும்போது அவள் கிட்டேயே போவதில்லையாம். பீன்ஸைக்கூட ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, இவள் ஒரு தட்டு இலை தழையை மென்றுகொண்டிருந்தாளாம். என்னுடையது மடக்காத தகரவண்டி, அதன் சூட்சுமம் எனக்கென்ன தெரியும்? அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். வாயையும் மூடிக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பக்கத்து இடத்துக்கு யானிக் என்று ஒரு பையன் இளம் பெண்டாட்டியோடு வந்தான். அதே மாதிரிக் கூடாரவண்டி, புதிதாக வாங்கியது. ஒருவன் வண்டி நிறுத்தத் தடுமாறினால் எங்கள் ஆண்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. நார்மான் பீர் பாட்டிலோடு கிளம்பிவிட்டான். நானும் ஜினெட்டும் பந்தல்துணியின் கீழ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம்.

யானிக் கூரையைத் தூக்கிவிட்டுக் கட்டிலை இழுக்கப் போனான்.

“கைய எடு, கைய எடு!” என்று நார்மான் கத்தினான். “மொதல்ல நாலு மூலையிலயும் வண்டியோட முட்டுக்கால எறக்குப்பா. அப்புறந்தான் கட்டில்.”

“எறக்கலன்னா என்ன ஆகும்?”

“உன் பெண்டாட்டி குச்சி மாதிரி இருக்கா. அவ ஏறினாக்கூடக் கவுந்துரும். பட்டவன் சொல்றேன், கேளு. மொத நாள் ஏரியப் பாத்த சந்தோஷத்துல நான் கால எறக்கவே மறந்துட்டேன். என் வீட்டுக்காரி பாவம், பின்னால உக்காந்தா. வண்டி ஆகாசத்தப் பாத்து நின்னுச்சு! கூரை போடறவன், ஏணிக்கால் பாக்காம ஏறாதவன், வெளிய சொல்ல முடியுமா? தரை மேல பழியப் போட்டுட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். ஜினெட்டின் கையில் கத்தி அப்படியே நின்றது. பாதி சீவிய கிழங்கைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

“நார்மான். அன்னிக்கு வண்டி கவுந்தது, நீ கால எறக்காததாலயா?”

“ஆமா... அது போன வருஷக் கதையாச்சே. இப்ப என்ன அதுக்கு?”

“அதனால ரெண்டு கோடையா நான் மேசை மேல கெடக்கேன்டா!”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “வண்டி என் உடம்பத் தாங்கலன்னு நெனச்சுக் கெடக்கேன். கண்ணாடி முன்னால நிக்கவே வெக்கப்பட்டுக் கெடக்கேன்!”

நார்மான் கையில் பாட்டில் சாய்ந்து பீர் அவன் செருப்பில் கொட்டியது.

“நான்... என் குறட்டையாலன்னு...”

“அது இல்லாம எனக்குத் தூக்கம் வருமா, மடையா? மேசையில படுத்துக்கிட்டு அதக் கேட்டுத்தான் தூங்கினேன்.”

அவன் அழுதுவிட்டான். அத்தனை பெரிய மனுஷன், பீர் பாட்டிலோடு நின்று அழுதான். நானும் அழுதேன், கிழங்கு சீவும்போது வெங்காயம் என்று பொய்கூடச் சொல்ல முடியவில்லை. ஜினெட் அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி யானிக்கிடம் கொடுத்தாள். தங்கள் வண்டியைச் சுற்றி வந்து நாலு காலையும் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தாள். பட்டப்பகலில், ஏப்ரனோடு, பின்கட்டிலில் ஏறிப் படுத்தாள். வண்டி அசையவில்லை.

“நீயும் ஏறு” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நார்மான் ஏறினான். அப்போதும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் வெளியே வந்தான். அன்று எங்கள் முகாமில் கோடைக் கிறிஸ்துமஸ், பிள்ளைகளுக்காக லீவு நாளிலேயே விளையாட்டாகக் கொண்டாடுவது. சிவப்பு அங்கி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா மணி அடித்துக்கொண்டு டிராக்டரில் வந்துகொண்டிருந்தார், பின்னால் பிள்ளைகள் கூட்டம். நார்மான் பாதையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

“மணிய நிறுத்துங்க, தாத்தா. எஞ்சினையும் அணைச்சிடுங்க. என் பெண்டாட்டி தூங்கறா.”

டிராக்டரைக் கையால் தள்ளித்தான் எங்கள் வரிசையைத் தாண்டினார்கள். நார்மானும் ஒரு கை கொடுத்தான். பிறகு ஈரச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்.