சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கோட்

அந்தத் துணிக்கடையில் அவளுக்குப் பெயர் டோக்கன் அக்கா. பெண்கள் பிரிவில் உடை போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில் நின்று, உள்ளே போகிறவர் கையில் எத்தனை துணி இருக்கிறது என்று பார்த்து, அந்த எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுப்பதுதான் வேலை. வெளியே வரும்போது வில்லையையும் துணியையும் சரிபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நாள் முழுக்க நின்று பார்த்தால் தெரியும். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. யாரையும் திருடி என்று நினைக்காத முகத்தோடு எல்லோர் கையையும் எண்ண வேண்டும்.

அவளும் லேசுப்பட்ட உடம்புக்காரி இல்லை. அவள் நின்றால் வாசல் நிறைந்துவிடும். கதவுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் தன்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் சொன்னால் சிரிக்கமாட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். தனியாக இருக்கும்போது பெண்கள் துணியைத் திட்டுவதில்லை, தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். ஜிப் ஏறவில்லையென்றால் ஜிப்பிடம் மன்னிப்புக் கேட்காத குறைதான். வெட்டியவன் கை தப்பியிருக்கலாம் என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே! அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே புகுந்து, உனக்கு என்னடி குறைச்சல் என்று உலுக்க வேண்டும் போலிருக்கும். ஆனால் வெளியே வருகிறவளிடம், "சரியா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டு வில்லையை வாங்கிக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில்தான் புது மேனேஜர் வந்தான். ஒடிசலான தோளில் சட்டை தொங்குகிற அழகைப் பார்த்து, வந்த அன்றே ஊழியர்கள் அவனுக்கு 'ஹேங்கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹேங்கர் வந்து செய்த முதல் காரியம், பெண்கள் பிரிவில் எக்ஸ்எல்லுக்கு மேல் போகும் உடைகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலையை ஏற்றியது. அந்த உடைகளின் கொக்கியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னான். பில் போடும் இடத்தில் சண்டை வரக்கூடாது என்பதற்காக, சிவப்பு ஸ்டிக்கரோடு உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் டோக்கன் அக்கா ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "இது பெரிய அளவு, இதுக்கு விலை கூடுதல், தெரிஞ்சுதான எடுத்திருக்கீங்க மேடம்?"

முதல் நாளே அதைச் சொல்ல வேண்டி வந்தது. ஒருத்தி, "ஆமா, என்னைப் பார்த்தாலே தெரியலையா?" என்று சிரித்து மழுப்பினாள். இன்னொருத்தி கொண்டுவந்த கவுனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் படியிறங்குகிற வரைக்கும் டோக்கன் அக்கா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன வாய் தன்னுடையது.

மறுநாள் அவள் ஹேங்கரிடம் போய் நின்றாள்.

"பெரிய சைஸுக்குத் துணி அதிகம் ஆகுதுல்லக்கா? அவ்வளவுதான் கணக்கு" என்றான்.

"அப்ப சின்ன சைஸுக்குக் குறைச்சுப் போடுங்க சார். அதுக்குத் துணி கம்மிதான?"

"அப்படி எந்தக் கடையிலயும் இல்லக்கா."

"சரி, எதிர்ப்பக்கம் ஆம்பளைங்க செக்‌ஷன்ல? அங்க எல்லா சைஸும் ஒரே விலைதான போட்டிருக்கு?"

"அது வேற டிபார்ட்மெண்ட். எனக்கு மேல இருக்கறவங்க முடிவு பண்றது." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒல்லியா இருக்கறவங்க, மத்தவங்க துணிக்கும் சேத்து ஏன் காசு கொடுக்கணும்?"

வேலை முடிந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே மென்றுகொண்டு வந்தாள். அதில் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நியாயம் என்றால் தராசு இரண்டு பக்கமும் ஆட வேண்டாமா? தொந்தி பெருத்த ஆண்பிள்ளையிடம் அது வாயைத் திறக்காதாம், பெண்பிள்ளையைக் கண்டால் மட்டும் முள்ளை ஆட்டுமாம். நல்ல தராசு.

இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததும் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, சட்டைக் கழுத்தின் உட்புறம் அளவு லேபிளைத் தைப்பது. விடிந்தால் லேபிள், அடைந்தால் லேபிள். பின்னால் மகள் பிறந்து, அப்பாவின் ஒல்லி உடம்பு வராமல் அம்மாவின் உடம்போடே வளர்ந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரிகள் அவள் கழுத்துப் பட்டையைப் புரட்டி, லேபிளில் இருந்ததை வகுப்புக்கே கேட்கும்படி வாசித்துவிட்டார்கள். மகள் அழுத அழுகையில் அன்று சட்டை நனைந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்து அந்த லேபிளை வெட்டி எறிந்தாள். அதன் பிறகு வீட்டுக்குள் வருகிற எந்தத் துணியிலும் லேபிளை விட்டுவைக்கவில்லை. மகளை எந்தக் கடைக்கும் கூட்டிப் போனதும் இல்லை. துணியெல்லாம் அவளே பார்த்து வாங்கி, வெட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்ததைத் தன் பிள்ளை கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

படிப்பை முடித்து வீட்டிலிருந்த மகளுக்கு, நேர்முகத் தேர்வுக்குப் போய்ப் போய் ஓய்ந்தபின், ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கறுப்பு கோட் கட்டாயம். "நான் எங்க கடையில பார்த்து எடுத்துட்டு வர்றேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வந்தாள். மகளுக்குப் பொருந்துகிற கோட் கடையில் இல்லாமல் இல்லை. எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று அவளுக்கு வீம்பு.

சனிக்கிழமை மதியம் டோக்கன் அக்கா சாப்பிட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது, அதுவரை அவள் இடத்தில் நின்ற பெண் சொன்னாள், "அக்கா, கடைசி ரூம்ல ஒருத்தங்க ரொம்ப நேரமா இருக்காங்க. கூப்பிட்டா பதிலே இல்ல."

அவள் திரையருகே போய், "மேடம், ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

"அம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

திரையை விலக்கிப் போனால், மகள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கறுப்பு கோட் பாதி ஏறி, இரண்டு கையும் பின்பக்கம் மாட்டி, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் கிடக்கிறது. முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும்.

"நீ எப்படியும் கொண்டு வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் நானே வந்தேன். என்கிட்ட காசு இருக்கு."

அம்மா கைகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கோட்டின் உள்துணி எங்கோ கிழியும் சத்தம் கேட்டது.

"இது என்ன சைஸும்மா?"

"மீடியம்."

"நான் மீடியம் இல்லையா?"

டோக்கன் அக்கா கோட்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப என் சைஸ் என்ன? எனக்குத் தெரியாதும்மா. வேலைக்குப் போற வயசுல என் துணி அளவு எனக்குத் தெரியாது. கடைக்காரங்க கேட்டா என்ன சொல்லுவேன்?" மகள் சுவரில் சாய்ந்தாள். "விடு. நான் அந்த வேலைக்குப் போகல. அங்க நாலு பேர் முன்னாடி உட்காரணும். என்னால முடியாது."

"சும்மா இருடி" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போனாள். கோட் வரிசையில் எது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டுப் போன கோட்தான். கொக்கியோடு உருவிக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினாள். "டபுள் எக்ஸ்எல்" என்றாள். மகளிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

கோட் தோளில் அப்படியே உட்கார்ந்தது. மகள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே ஹேங்கர் நின்றுகொண்டிருந்தான். கொக்கியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டீங்களாக்கா?" என்றான்.

"இல்ல."

"சொல்லணுமேக்கா. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"இவ என் பொண்ணு சார். ரூல் நீங்க போட்டது, நீங்களே சொல்லுங்க. தரையைப் பார்த்துச் சொல்லாதீங்க, அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

பக்கத்து அறைகளின் திரைகள் விலகின. ஹேங்கர் வாயைத் திறந்தான். "மேடம், இது பெரிய..." என்று ஆரம்பித்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பில்லிங்ல சொல்லுவாங்க" என்று முடித்தான். போகிற போக்கில் அக்காவிடம், "திங்கக்கிழமைலேர்ந்து நீங்க குடோன்ல இருங்க" என்றான்.

"இருக்கேன். அங்க பெட்டிக்கு வாய் கிடையாது, எனக்கும் இந்தப் பாட்டைப் பாடற வேலை இருக்காது."

பில் வரிசையில் மகளுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றார். வயிறு அவருக்கு முன்பே கல்லாவை எட்டியிருந்தது. அவர் வாங்கியதும் கறுப்பு கோட்தான். மகள் அவர் விலைச்சீட்டைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள்.

"சார், உங்க சைஸ் என்ன?"

"த்ரீ எக்ஸ்எல்மா. ஏன்?"

"உங்களுக்குக் கூடுதல் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு அவள் கையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார், வாங்கிய பையை மெல்லத் தூக்கி வயிற்றை மறைத்துக்கொண்டார். பில் போடும் பெண் தலை குனிந்துகொண்டாள். அவளும் பெரிய உடம்புக்காரிதான்.

கோட்டை மேசையில் வீசிவிட்டு மகள் வந்துவிடுவாள் என்று பக்கத்தில் நின்ற அம்மா நினைத்தாள். வந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் திங்கட்கிழமைக்கு வேறு கோட் இல்லை, இந்த அளவு கிடைக்கிற கடையும் பக்கத்தில் வேறில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பணத்தை எடுத்தாள். முதலில் கோட்டின் விலையை வைத்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, மிச்சத்தைத் தனியாக வைத்தாள். "இது கோட்டுக்கு. இது எதுக்குன்னு பில்லுல எழுதிக் கொடுங்க" என்றாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் முகம் கழுவப் போனாள். அம்மாவுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. ஹேங்கரையும், அவனுக்கு மேலே இருப்பவர்களையும், அந்தத் தையல் ஆலையையும் வரிசையாகக் கரித்துக் கொட்டிக்கொண்டே கோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கை பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தது. கழுத்தின் உட்புறத்தைப் புரட்டி, லேபிளின் ஓரத்தில் முனையை வைத்தாள்.

ஈரக் கையொன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடும்மா" என்றாள் மகள். "அதுக்கும் சேத்துத்தான் காசு கொடுத்திருக்கேன்."