கடைசி வரியில் சர்வன்ட் இல்லை

செங்கொடி அக்காவை யாராவது ‘வெறும் டைப்பிஸ்ட்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவருடைய டைப்ரைட்டரும் என்னுடைய ஜெராக்ஸ் மெஷினும் ஒரே கடையில்தான் இருந்தன. ஹார்பரில் மூட்டை தூக்கியவரின் மகள், எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து வந்து இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவர். பொய்யா சொல்கிறேன்? சர்ட்டிபிகேட்டைக் காப்பி எடுத்தவளே நான்தான்!

எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டு மனுவோ குடிதண்ணீர் மனுவோ, கடைசி வரி மட்டும் மாறாது: ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’. அதாவது, உங்கள் காலடியில் கிடக்கிற வேலைக்காரன். அக்கா அதை அடிக்கவே மாட்டார். ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பேர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் வரதன் ஓடி வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷ வேலை. கேட்டில் அவருக்குப் பேர் கிடையாது. டோக்கன் நம்பரைச் சொல்லி ‘முப்பத்தேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறை கேட்டு சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டதற்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம். மறுநாளைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலை காலி.

அக்கா அடித்துக் கொடுத்ததை வரதன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இன்னாம்மா, சர்வன்ட்டக் காணோம்? எங்க நைனா காலத்துலருந்து அதான போடுவோம். இல்லாங்காட்டி திமிர் புடிச்சவன்னு நெனப்பாங்க.”

“கையுறை கேட்டியா, அவுங்க சொத்தக் கேட்டியா? நீ வேலை செய்றவன், அடிமை இல்லண்ணா.”

“உனுக்கு இன்னா, பேசிட்டுப் பூடுவ. வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதும்மா!”

சொல்லிவிட்டு என் பேனாவை எடுத்து அடியில் அந்த வரியைத் தானே எழுத ஆரம்பித்தார். அக்கா தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். நான்தான் குறுக்கே புகுந்தேன்.

“அக்கா, பாவம், போட்டுத்தான் குடேன்.”

“நீ சும்மா கெட மெஹ்னாஸ்.”

மறுபடி அடித்தார். அதே ஃபெய்த்ஃபுல்லி. “இதால வேலை போச்சுன்னா சொல்லுண்ணா, கேட்டாண்ட நானே வந்து நிக்கிறேன்” என்றார். வரதன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பத்து நாள் அக்கா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எண்ணூர் பஸ் வந்து நின்றால் போதும், தட்டுகிற விரல் நின்றுவிடும்.

பதினோராம் நாள் வரதன் கம்பெனி கவரோடு வந்தார். அக்கா படித்தார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம், கையுறையும் தருவார்கள். வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசில இன்னா போட்டுக்கீறாங்கோ?”

“யுவர்ஸ் சின்சியர்லி.”

“நீ போட்டது அது இல்லியே?”

“மேல பாருண்ணா. ‘டியர் மிஸ்டர் வரதன்’. உன் பேரச் சொல்லி எழுதிக்கீறாங்க.”

வரதன் அந்த வரியைத் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டினார். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“ரெண்டு காப்பி போடும்மா. ஒண்ணு வூட்டுக்கு. ஒண்ணு பாக்கெட்லயே கெடக்கட்டும். கேட்டாண்ட எவனாச்சும் இனிமே முப்பத்தேழுன்னு கூப்ட்டா, எடுத்துக் காட்றேன்.”