செலினா சத்தமில்லாமல் சொன்னது

தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசை விரிப்பில் ஊற்றினான் ஈனாக் ஹால்டன். விரிப்பு நனைந்து, சொட்டு அவன் முழங்காலில் விழுகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"யோவ், எங்கே ஊத்துறே?" என்றாள் செலினா.

"கை நடுங்கிடுச்சு புள்ள. காலையெல்லாம் தறியில நின்னேன்ல."

கை நடுங்கவே இல்லை. செலினா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அமெரிக்காவில் ஃபால் ரிவர் என்கிற ஊரில் ஒரே ஆலையில் எதிரெதிர் தறி ஓட்டியவர்கள். ரெண்டு பேரின் பெற்றோரும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து கப்பலேறி வந்த நெசவாளிகள். ஆனால் ஈனாக்கை ஊருக்குத் தெரிந்தது தறியால் இல்லை. கோடையில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடுவான், குளிர் வந்தால் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுவான். ரெண்டுக்கும் காசு வாங்கியவன் எங்கள் ஊரில் அவன் ஒருத்தன்தான். ஆட்டமில்லாத நாளில் தறிக்குத் திரும்பிவிடுவான். கால்பந்தில் அவன் பேர் சொன்னாலே தலைதான் ஞாபகம் வரும். எவ்வளவு உயரத்தில் வந்தாலும் எம்பி, நெற்றியால் முட்டி கோலுக்குள் தள்ளிவிடுவான். ஆனால் அவன் உயிர் என்னவோ பேஸ்பாலில்தான் இருந்தது. புல் வாசனை வந்துவிட்டால் மனுஷனுக்கு வீடு தங்காது.

ரெண்டு குழுவும் கிராஸ்பி என்கிற ஒரே ஆளுக்குச் சொந்தம். பேஸ்பால் மைதானம் குளிர்காலத்தில் சும்மா கிடக்கிறதே என்றுதான் அவர் கால்பந்தையே ஆரம்பித்தார். அவர் வைத்ததுதான் சட்டம்: குளிர்காலத்தில் ஆடாதவனுக்குக் கோடையில் இடமில்லை.

அந்தத் தேநீருக்கு முந்தின ஆகஸ்டில், பேஸ்பால் ஆட்டத்தில், எதிராளி வீசிய பந்து ஈனாக்கின் பொட்டில் வந்து அடித்தது. தலைக்கு அப்போது துணித் தொப்பியை விட்டால் வேறென்ன இருந்தது? விழுந்தவன் எழுந்து, பந்து பட்டவனுக்கு ஆட்ட விதி கொடுக்கிற முதல் பேஸுக்குச் சிரித்துக்கொண்டே நடந்து போனான். ஊரே கைதட்டியது. என்ன ஊரோ, என்ன கைதட்டலோ!

அதற்கப்புறம்தான் தலைவலி. அறுந்த நூலைக் கவனிக்காமல் தறியை ஓட்டினான். துணியில் இழை இழையாய் ஓட்டை. "கல்யாண மாப்பிள்ளை மாதிரி எங்கேய்யா பராக்குப் பாக்குறே?" என்று மேஸ்திரி கத்துவார். பக்கத்துத் தறிக்காரர்கள் சிரிப்பார்கள். செலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தறிக்கூடத்து இரைச்சலில் யார் கத்தினாலும் காதில் விழாது. மேஸ்திரி கத்துவதும் உதட்டில் தெரிவதுதான். எங்கள் ஆட்கள் சத்தமே இல்லாமல் வாயைப் பெரிசாய் அசைத்துப் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மாமியாரைத் திட்டுவது, கறிக்கடைக் கதை, காதல், எல்லாம் அப்படித்தான். செலினாவும் தறிக்கு மேலாக ஈனாக்கிடம் கேட்பாள்: தலை வலிக்குதா? சாப்பிட்டியா? அவன் சிரித்துத் தலையாட்டுவான். தலையாட்டுகிறானே, அப்புறம் என்ன என்று அவளும் மனசைத் தேற்றிக்கொள்வாள்.

வீட்டில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "கண்ணு சரியா தெரியலையா? மறைக்காம சொல்லு."

"தெரியுது தெரியுது. உன் மூக்கு முன்னைக்கு இப்போ கொஞ்சம் பெரிசாவே தெரியுது."

"விளையாடாதே. கிராஸ்பிகிட்ட சொல்லி இந்த வருஷம் நின்னுடு."

"நின்னா கோடையில யாரு கூப்பிடுவா? கிராஸ்பியோட டாக்டரே பாத்துட்டாரு. ஒண்ணுமில்லைன்னுட்டாரு. போதுமா?"

குளிர்காலம் வந்தது. பாவ்டக்கெட் ஊர்க்காரர்களோடு கால்பந்து ஆட்டம். காலையிலிருந்தே மழை. தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கருங்கல்லாய்க் கனத்தது. செலினா கோலுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம், ஒரு தறி வரிசை தூரத்தில், கிராஸ்பி குடைக்குள் நின்றார். கூடவே அந்த டாக்டர். கூட்டம் போட்ட கூச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் ரெண்டு பேரும் வாயைக்கூட மறைக்காமல் பேசினார்கள். ஆலைக்குள் ஒருநாளாவது கால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், சுற்றி நிற்கிற பாதிப் பேர் நெசவாளிகள் என்று.

டாக்டரின் உதடு அசைந்தது. "பார்வை பாதிக்கு மேல போயிடுச்சு. தலையில இன்னொரு அடி விழுந்தா மிச்சமும் போயிடும்."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ஆட்டம் முடியட்டும்" என்றார் கிராஸ்பி.

செலினா கயிற்றைத் தூக்கி உள்ளே ஓடப் பார்த்தாள். படுபாவிகளா!

அதே நேரம் மூலையிலிருந்து பந்தை உதைக்க எங்கள் ஆள் ஒருத்தன் தயாரானான். ஈனாக் கோலுக்கு முன்னால், அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான். செலினா கையை வீசினாள். அவன் திரும்பினான். அந்தக் கூச்சலில் தொண்டையை நம்பி என்ன பிரயோஜனம்? பிறந்ததிலிருந்து பழகியபடி வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாய், சத்தமில்லாமல் சொன்னாள். தலையைக் கொடுக்காதே. கண்ணு போயிடும். வெளியே வந்துடு.

ஈனாக் அவளையே பார்த்தான். சிரித்தான். தலையை ஆட்டினான்.

அப்பாடா என்று கயிற்றை விட்டாள் செலினா. உள்ளே ஓட இருந்தவள் நின்றுவிட்டாள்.

பந்து வந்தது. ஈனாக் எம்பினான்.

நெற்றியில் பட்ட சத்தம் அந்தக் கூச்சலிலும் அவளுக்குக் கேட்டது. பந்து கோலுக்குள் போக, ஊர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது. ஈனாக் மட்டும் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கயிற்றைத் தாண்டி ஓடி, அவன் முன்னால் மண்டியிட்டு, முகத்தைக் கையில் ஏந்தி என்னென்னவோ கேட்டாள். பதற்றத்திலும் தறிப் பழக்கம் விடவில்லை, சத்தமில்லாமல் உதடுதான் அசைந்தது.

அவன் கண் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. "யாரு?" என்றான்.

"நான்தான்யா. செலினா."

"கோலா?"

"கோல்தான்."

"அப்போ கோடையில இடம் உண்டு" என்று கையைத் துழாவி அவள் தோளைப் பிடித்தான். "ஏன் புள்ள இப்படி இருட்டிட்டு வருது? ஆமா, அங்கே நின்னு என்னமோ சொன்னியே, என்னது?"

அவள் சொன்னாள். இந்தத் தடவை வாய்விட்டு.

"புரிஞ்சுதுன்னு தலையாட்டினியேய்யா" என்றாள்.

"வாய் அசையறது மங்கலா தெரிஞ்சுது. ஆகஸ்டிலேருந்து அவ்வளவுதான் தெரியுது. நீ எப்பவும் சாப்பிட்டியான்னுதானே கேப்பே."

ஈனாக் அதற்கப்புறமும் நெடுங்காலம், கண் தெரியாமலே, உயிரோடு இருந்தான். கோடையும் வந்தது, கிராஸ்பி வேறு ஆளை எடுத்துக்கொண்டார். சாயங்காலங்களில் அந்த வீட்டைத் தாண்டிப் போனால் செலினாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். பீன்ஸ் சூடா இருக்கு, பாத்து, என்பாள். குளிருதா, கம்பளி வேணுமா, என்பாள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். ஆனாலும் கத்தித்தான் பேசுவாள்.