தப்பு

எங்கள் தெருவில் ஒரு சாவு. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துபோய் சன்னலை அகலத் திறந்துவைக்கிறாள்.

அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து கடல் தாண்டி இலங்கையின் ராகலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சபை ஊழியத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. "சாவு வீட்டில் தப்பு அடிப்பதே தப்பு" என்று கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் லயமாகப் போய்ப் பிரசங்கித்தார்.

அந்த மழைக்காலத்தில் கைக்குழந்தையாக இருந்த என் தம்பி சளிக்காய்ச்சலில் இறந்துபோனான். லயத்துச் சனங்கள் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் இரைந்தது.

"ஏன் சும்மா நிக்கிறீங்க? எம் பிள்ளைக்கும் தப்பு அடிங்க" என்றாள் அம்மா.

மேளக்காரர் மாரிமுத்து அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். "ஐயா சொன்னாங்கன்னு எல்லாத்தையும் எரிச்சிட்டோங்கம்மா."

அம்மா தகரக் கதவைக் கையால் அறையத் தொடங்கினாள்.

சன்னலை மூடச் சொல்ல அப்பாவுக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.